பாஸ்டனுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் கொண்டுபோன கார்ல் ஃபோலன்

1826ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹார்வர்டில், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு சாப்பாட்டுக் கூடத்துக்குள் உடற்பயிற்சிச் சாமான்களைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அதுவரை அந்தக் கல்லூரியில் உடம்புக்கென்று பாடம் எதுவும் கிடையாது. லத்தீன் உண்டு, கிரேக்கம் உண்டு, கணக்கு உண்டு, காலையும் மாலையும் பிரார்த்தனை உண்டு. பையன்கள் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார்கள். அவர்களை எழுப்பி, கம்பியில் தொங்கவும் மரக்குதிரையைத் தாண்டவும் சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு வயது 29. அமெரிக்காவுக்கு வந்து ஒன்றேகால் வருஷம்தான் ஆகியிருந்தது. சொந்த நாட்டில் அவர் ஒரு சட்டப் பேராசிரியர். அதோடு, ஐரோப்பாவின் அரசுகள் தேடிக்கொண்டிருந்த ஆளும்கூட.

கார்ல் ஃபோலன் என்பது பெற்றோர் வைத்த பெயர். அமெரிக்காவில் சார்லஸ் ஃபோலன்.

உடற்கல்வி வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இவர் பெயர் ஒரு வரியில் வரும்: அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முதன்முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் அமைத்தவர். ஜெர்மன் இலக்கியம் படிப்பவர்களுக்கு வேறொரு வரி: ஹார்வர்டின் முதல் ஜெர்மன் பேராசிரியர். அடிமை ஒழிப்பு இயக்கத்தைப் பற்றிப் படித்தால் அங்கே இன்னொரு வரி. டிசம்பர் வந்துவிட்டால் பத்திரிகைகள் நான்காவதாக ஒன்றை எழுதும்: அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துக்குக் கிறிஸ்துமஸ் மரத்தை அறிமுகப்படுத்தியவர். ஒரே மனிதரை நான்காகப் பிரித்து நான்கு அலமாரியில் வைத்துவிட்டார்கள். இந்த நாலும் ஒரே காரியம்தான் என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இவர் கற்றுக்கொடுத்த ஜிம்னாஸ்டிக்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் மற்றது புரியும்.

1806ல் நெப்போலியனிடம் பிரஷ்யா படுதோல்வி அடைந்தது. ஜெர்மன் பேசும் நாடுகள் அப்போது ஒரே நாடாக இல்லை. சின்னதும் பெரியதுமாகப் பல ராஜ்ஜியங்கள். பெர்லினில் ஃபிரீட்ரிக் லுட்விக் யாஹ்ன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். பையன்களின் உடம்பைத் தேற்றினால்தான் தேசம் தேறும் என்று நம்பியவர். 1811ல் ஊருக்கு வெளியே ஹாசன்ஹைட என்ற இடத்தில் திறந்தவெளிப் பயிற்சித் திடல் ஒன்றை ஆரம்பித்தார். இன்றைக்கு ஒலிம்பிக்ஸில் நாம் பார்க்கிற பேரலல் பார், ஹரிசாண்டல் பார் எல்லாம் அந்தத் திடலில் உருப்பெற்றவைதான். கடற்கரை உடற்பயிற்சித் திடல்களில் காலையில் இளைஞர்கள் ஏறி இறங்குகிற அந்த இரட்டைக் கம்பியின் பூர்வீகமும் அதுதான்.

திடலில் ஒரு பழக்கம் வைத்திருந்தார் யாஹ்ன். எல்லோரும் வெளுக்காத முரட்டு லினன் துணியில் ஒரே மாதிரி உடை போட வேண்டும். பிரபு வீட்டுப் பையனானாலும் தச்சன் மகனானாலும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தஸ்து பார்த்துப் பேசியே பழகிய சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை. கம்பிக்கு மேலே போய்விட்டால் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க முடியாது. கை தாங்குகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

யாஹ்னை நான் முழுசாகக் கொண்டாட மாட்டேன். அவருடைய தேசப்பற்றில் பிரெஞ்சுக்காரர்கள் மேல் வெறுப்பு இருந்தது, யூதர்கள் மேலும் இருந்தது. பின்னால் வந்த கெட்டவர்கள் பலர் அவரை எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தத் திடலில் கற்ற பையன்கள் எல்லோரும் ஒரே பாடத்தைக் கற்கவில்லை. சிலர் வெறுப்பை எடுத்துக்கொண்டார்கள். சிலர் அந்த ‘நீ’யை எடுத்துக்கொண்டார்கள். ஃபோலன் ஆரம்பத்தில் எதை எடுத்துக்கொண்டார் என்பது கொஞ்சம் சங்கடமான கதை.

1796 செப்டம்பரில், ஹெஸ்ஸே பகுதியில் ரோம்ரோட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா நீதிபதி. கீசன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நெப்போலியனுக்கு எதிரான போரில் தன்னார்வப் படையில் சேர்ந்தார். திரும்பி வந்து சட்டம் படித்து 1818ல் முனைவர் பட்டம் வாங்கி அங்கேயே கற்பிக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் கீசனில் ‘கறுப்பர்கள்’ என்று ஒரு மாணவர் கூட்டம் இருந்தது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு திரிந்ததால் அந்தப் பெயர். அதன் தலைவர் ஃபோலன்தான். மன்னர்கள் போக வேண்டும், ஜெர்மனி ஒரே குடியரசாக வேண்டும் என்பது அவர்களுடைய கட்சி. உடற்பயிற்சியும் அரசியலும் அவர்களுக்கு வேறு வேறு இல்லை. ஊர்களின் பொதுக்கடன் விஷயத்தில் அரசு கை வைத்தபோது அந்த ஊர்களுக்காக வழக்கறிஞராக நின்று பேசினார். அதோடு கீசனில் அவருக்கு எதிர்காலம் இல்லாமல் போனது. யேனா பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

யேனாவில் அவரைச் சுற்றிச் சேர்ந்தவர்களில் கார்ல் லுட்விக் சாண்ட் என்ற இறையியல் மாணவனும் ஒருவன். மனசாட்சிக்குச் சரி என்று உறுதியாகப் பட்டதைச் செய்வதற்கு எந்த விலையும் தரலாம், கொடுங்கோலனைக் கொல்வதுகூடப் பாவமில்லை என்ற அளவுக்குப் பேசிய வட்டம் அது. அந்தப் பேச்சுக்கு மையம் ஃபோலன். 1819 மார்ச் 23 அன்று சாண்ட், மான்ஹைம் நகரத்தில் அவ்குஸ்ட் ஃபான் கோட்ஸெபூ என்ற நாடக ஆசிரியரின் வீட்டுக்குப் போய் அவரைக் குத்திக் கொன்றான். கோட்ஸெபூ ரஷ்யப் பேரரசருக்குத் தகவல் அனுப்புகிற ஆள் என்று மாணவர்கள் மத்தியில் அவர்மேல் கோபம். அடுத்த ஆண்டு மே மாதம் சாண்டின் தலை வெட்டப்பட்டது.

ஃபோலனைப் பிடித்து விசாரித்தார்கள். அவருக்கு நேரடித் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் குற்றம் நிரூபணமாகவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கத்தி அவர் கையில் இல்லை. ஆனால் கத்தி எடுக்கலாம் என்ற வாதத்தைத் தயாரித்துக் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். இருபத்திரண்டு வயதில் அறிவும் கோபமும் ஒன்றாகக் கொதிக்கிறபோது இப்படி ஆகும் என்று சமாதானம் சொல்லலாம். சாண்ட் அவரைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே ஃபோலன்தான் பதினைந்து வருஷம் கழித்து, அடிமைகளுக்காகப் பேச்சையும் பேனாவையும் மட்டும் வைத்துக்கொண்டு போராடினார். அந்த மாற்றம்தான் என்னை இவர் பக்கம் இழுத்தது.

அந்தக் கொலையைச் சாக்காக வைத்து அரசுகள் எல்லாவற்றையும் நசுக்கின. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, பல்கலைக்கழகங்களுக்குக் கண்காணிப்பு, மாணவர் சங்கங்களுக்குத் தடை. 1819 ஜூலையில் யாஹ்னைக் கைது செய்தார்கள். 1820ல் பிரஷ்யா ஜிம்னாஸ்டிக்ஸையே தடை செய்தது; அந்தத் தடை 1842 வரை நீடித்தது. கம்பியில் தொங்குவதற்கு இருபத்திரண்டு வருஷத் தடை! அரசாங்கத்துக்கு அந்தக் கம்பி எவ்வளவு பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபோலன் பாரிஸுக்கு ஓடினார். அங்கே, அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டின் பழக்கம் கிடைத்தது. பிரெஞ்சு இளவரசர் ஒருவர் கொலையான பிறகு வெளிநாட்டவர்களுக்கு அங்கே கெடுபிடி அதிகமானது. அங்கிருந்து சுவிட்சர்லாந்து. முதலில் கூர் நகரத்தில் பள்ளி ஆசிரியர், அப்புறம் பாசல் பல்கலைக்கழகத்தில் சட்டம். அங்கே அவருக்கு ஒரு துணை கிடைத்தது: கார்ல் பெக். ஃபோலனைவிட இரண்டு வயது இளையவர், யாஹ்ன் முறையில் பயிற்சி பெற்றவர், லத்தீன் வல்லுநர். பெக்கின் வளர்ப்புத் தந்தை டே வெட்டே புகழ்பெற்ற இறையியலாளர். சாண்டின் தாய்க்கு ஆறுதல் கடிதம் எழுதினார் என்பதற்காகவே பெர்லினில் வேலையை இழந்து பாசலுக்கு வந்தவர். மகனைப் பறிகொடுக்கப்போகிற ஒரு தாய்க்கு எழுதிய கடிதம் ஒரு பேராசிரியரின் வேலையைப் பறித்த காலம் அது.

பிரஷ்யாவும் மற்ற பெரிய அரசுகளும் ஃபோலனை ஒப்படைக்கச் சொல்லி பாசலை நெருக்கின. நகரம் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 1824ல் அதற்கு மேல் முடியாது என்றானதும், ஃபோலனும் பெக்கும் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். கப்பலின் பெயர் காட்மஸ். சில மாதங்களுக்கு முன்னால் லஃபாயெட்டை அமெரிக்காவுக்கு அழைத்துப்போனதும் அதே கப்பல்தான். டிசம்பரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். லஃபாயெட் அப்போது அமெரிக்கா முழுக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். போகிற இடமெல்லாம் ராஜ வரவேற்பு. அவருடைய அறிமுகம் இந்த இரண்டு அகதிகளுக்கும் கதவுகளைத் திறந்தது.

முதலில் வேலை கிடைத்தது பெக்குக்கு. மாசசூசெட்ஸில் நார்தாம்ப்டன் என்ற ஊரில் ரவுண்ட் ஹில் பள்ளி. ஜோசப் காக்ஸ்வெல், ஜார்ஜ் பான்கிராஃப்ட் என்ற இரண்டு பேர் 1823ல் ஆரம்பித்தது. இருவரும் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர்கள். பையன்களுக்குப் படிப்போடு உடற்பயிற்சியும் பாடத்திட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 1825ல் பெக் அங்கே லத்தீன் ஆசிரியராகவும் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியராகவும் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தின் திறந்தவெளியில் யாஹ்ன் முறைப்படி கம்பிகள் நட்டார். அமெரிக்காவில் உடற்பயிற்சிக்கென்று சம்பளம் கொடுத்து நியமிக்கப்பட்ட முதல் ஆசிரியர் என்று பெக்கைத்தான் சொல்கிறார்கள். 1828ல் யாஹ்னின் ஜிம்னாஸ்டிக்ஸ் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவரே.

காலையில் லத்தீன், மாலையில் கம்பி, இரண்டுக்கும் ஒரே ஆசிரியர். இதைப் படித்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். அப்பா பி.டி. மாஸ்டர். ஆசிரியர் அறையில் அவருடைய நாற்காலி எப்போதும் கதவோரம்தான் இருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரோ அறிவியல் டீச்சரோ வாங்கிக்கொள்வார்கள். அதைக் கேட்டு வாங்குவதுகூட இல்லை, எடுத்துக்கொள்வதுதான். ‘பிள்ளைங்க வெயில்ல ஓடி என்னத்தக் காணப்போவுது சார்’ என்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார்; வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வருத்தப்படுவார். உடம்பையும் அறிவையும் ஒரே ஆசிரியர் கையில் கொடுத்த ஒரு பள்ளிக்கூடம் 1825லேயே இருந்திருக்கிறது என்பதை அவரிடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஃபோலனுக்கு 1825ல் ஹார்வர்டில் ஜெர்மன் கற்பிக்கிற வேலை கிடைத்தது. அந்தக் கல்லூரியில் அதற்கு முன் ஜெர்மன் பாடமாக இருந்ததில்லை. தட்டுத்தடுமாறி எட்டு மாணவர்களைத் திரட்டினார்கள். கடைகளில் ஜெர்மன் புத்தகமே கிடையாது. ஃபோலன் தானே ஒரு வாசகப் புத்தகம் தொகுத்தார். அது அச்சாக அச்சாகத் தாள் தாளாக மாணவர்கள் கைக்கு வந்தது. ஜெர்மன் எழுத்துருக்கள் பக்கத்தில் எங்கும் இல்லாததால் ரோமன் எழுத்தில் அடித்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவரான ஆண்ட்ரூ பீபடி வயதான பிறகு இதையெல்லாம் நினைவுகூர்ந்திருக்கிறார். பாடப்புத்தகம் இல்லை, அச்செழுத்து இல்லை, முன்மாதிரி இல்லை. மனிதர் அசரவில்லை. அடுத்த சில மாதங்களிலேயே சாப்பாட்டுக் கூடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ்.

பனி விலகியதும் பயிற்சி வெளியே வந்தது. கல்லூரிக்குப் பக்கத்தில் டெல்ட்டா என்று முக்கோண வடிவத்தில் ஒரு புல்வெளி. இன்றைக்கு ஹார்வர்டின் மெமோரியல் ஹால் நிற்கிற இடம். அங்கே கம்பங்கள் நட்டார்கள். பாஸ்டன்காரர்களுக்கும் ஆசை வந்தது. ஹார்வர்டில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த டாக்டர் ஜான் காலின்ஸ் வாரன் இதில் முன்னே நின்றார். இருபது வருஷம் கழித்து ஈதர் மயக்க மருந்து கொடுத்து நடந்த அந்தப் பிரபலமான அறுவைச் சிகிச்சையைச் செய்தவரும் இவர்தான். யாஹ்னையே நேரில் வரவழைக்கலாமா என்றுகூடப் பேசினார்கள். அது கைகூடவில்லை. ஆகவே 1826 செப்டம்பரில், டிரெமாண்ட் தெருவில் வாஷிங்டன் கார்டன்ஸ் என்ற இடத்தில் பாஸ்டன் பொது ஜிம்னாசியம் ஃபோலன் தலைமையில் திறக்கப்பட்டது. வக்கீல்கள், வியாபாரிகள், டாக்டர்கள் எல்லாம் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பியில் ஏறினார்கள்.

அடுத்த ஆண்டு ஃபோலன் விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக ஃபிரான்சிஸ் லீபர் என்ற இன்னொரு ஜெர்மன் அகதி வந்தார். யாஹ்னின் மாணவர், பிரஷ்யச் சிறையில் இருந்தவர். லீபர் பாஸ்டனில் ஒரு நீச்சல் பள்ளியும் நடத்தினார். அமெரிக்க ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் அந்தப் பள்ளிக்கு வந்து பலகையிலிருந்து தண்ணீரில் குதித்தார் என்று சொல்வார்கள்.

ஆனால் ஜிம்னாசியம் நிலைக்கவில்லை. புதுசு என்கிற கவர்ச்சி போனதும் கூட்டம் கரைந்தது. ஹார்வர்டிலும் அதே கதை. ரவுண்ட் ஹில் பள்ளியும் 1834ல் மூடப்பட்டது. பல காரணம் சொல்லலாம். நியூ இங்கிலாந்தின் பழைய ப்யூரிடன் (கறாரான புராட்டஸ்டண்ட்) மனசுக்கு, விறகு பிளந்தால் அது உழைப்பு. கம்பியில் ஆடினால் அது பொழுதுபோக்கு. பையன்களில் நிறையப் பேர் பண்ணை வீடுகளிலிருந்து வந்தவர்கள், உடம்பை வளைப்பதற்கு அவர்களுக்கு வீட்டிலேயே வேலை இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஹாசன்ஹைடவில் கம்பிக்குப் பின்னால் ஒரு கனவு இருந்தது. பாஸ்டனில் கம்பி மட்டும்தான் வந்து இறங்கியது. சுதந்திர நாடு, குடியரசு, ஜனாதிபதி எல்லாம் அவர்களிடம் ஏற்கனவே இருந்தன. எதற்காக உடம்பைத் தயார் செய்ய வேண்டும்?

அந்தக் கேள்விக்கு ஃபோலனிடம் பதில் இருந்தது. நாட்டில் இருபது லட்சம் பேர் அடிமைகள்.

1828ல் எலைசா லீ காபட்டை மணந்தார். பாஸ்டனின் பெரிய குடும்பங்களில் ஒன்று அது. எலைசா எழுத்தாளர், குழந்தைகளுக்காக நிறைய எழுதியவர், கணவரைவிட ஒன்பது வயது மூத்தவர். 1830ல் மகன் பிறந்தான். அதே ஆண்டில் ஃபோலன் அமெரிக்கக் குடிமகன் ஆனார். ஹார்வர்டில் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. அந்தப் பதவிக்கான பணத்தை ஐந்து வருஷத்துக்கு நண்பர்களும் செல்வந்தர்களும் போட்டுக்கொடுத்திருந்தார்கள். ஓடி ஓடிக் களைத்த மனிதருக்கு வீடு, குடும்பம், கௌரவம் எல்லாம் வந்து சேர்ந்தன. வில்லியம் எலரி சானிங் என்ற யூனிட்டேரியன் (கடவுள் மூவர் இல்லை, ஒருவரே என்னும் கிறிஸ்தவப் பிரிவு) போதகரின் நட்பு அவரை மாற்றியிருந்தது. ஒவ்வொரு மனித ஆன்மாவுக்கும் வரம்பில்லாத மதிப்பு உண்டு என்பது சானிங்கின் போதனை. கத்தியை நியாயப்படுத்திய இளைஞர் இந்த இடத்தில்தான் கத்தியைக் கீழே வைத்தார் என்று நினைக்கிறேன். கொள்கையை மட்டும் கீழே வைக்கவில்லை.

அடிமை ஒழிப்பு என்று வெளிப்படையாகச் சொல்வது பாஸ்டனில் அப்போது மரியாதையான விஷயமில்லை. நகரத்தின் பணம் பருத்தியில் இருந்தது. தென்மாநிலப் பருத்தி வந்தால்தான் இங்கே ஆலை ஓடும். பெரிய மனிதர்கள் அடிமை முறையைத் தனியாகப் பேசும்போது கண்டிப்பார்கள், மேடையில் பேசுகிறவனைத்தான் தொல்லை என்பார்கள். ஃபோலன் நியூ இங்கிலாந்து அடிமை எதிர்ப்புச் சங்கத்தில் சேர்ந்தார். 1834ல் அமெரிக்க மக்களுக்கு என்று அந்தச் சங்கத்து மாநாடு வெளியிட்ட அறிக்கையை எழுதியது அவர்தான். ஹார்வர்டில் அவருடைய ஐந்து வருஷம் முடிந்தபோது பதவி நீட்டிக்கப்படவில்லை. உண்மையான காரணம் எது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள்; மாணவர்களை ஒடுக்கும் விஷயத்தில் கல்லூரித் தலைவரோடும் அவர் முரண்பட்டிருந்தார். அடிமை ஒழிப்புப் பேச்சுதான் காரணம் என்பதில் எலைசாவுக்குச் சந்தேகமே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கிறிஸ்துமஸ் மரம் வருகிறது.

ஹாரியட் மார்ட்டினோ என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1834லிருந்து அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் விருந்து, உபசாரம். 1835 இலையுதிர்காலத்தில் பாஸ்டனில் அடிமை எதிர்ப்புப் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போனார். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் அதே சங்கத்தின் கூட்டத்தை ஒரு கும்பல் கலைத்து, பத்திரிகையாசிரியர் வில்லியம் லாயிட் காரிசனைத் தெருவில் இழுத்துப்போயிருந்தது. மார்ட்டினோவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், பேசினார். மறுநாளிலிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த அழைப்புகள் நின்றன. கதவைத் திறந்து வைத்திருந்த சில வீடுகளில் ஃபோலன் வீடும் ஒன்று.

அந்த வருஷக் கடைசியில் ஃபோலன் தம்பதி தங்கள் ஐந்து வயதுப் பையனுக்காக ஒரு மரம் ஜோடித்தார்கள். ஃபிர் மரத்தின் நுனியை வெட்டிக்கொண்டுவந்து தொட்டியில் நட்டு, கிளைகளில் சின்னப் பொம்மைகளையும், தங்கப் பூச்சிட்ட முட்டைக் கிண்ணங்களையும், மிட்டாய் போட்ட காகிதக் கூம்புகளையும் தொங்கவிட்டு, ஏழு டஜன் மெழுகுவத்திகள் பொருத்தினார்கள். தீப்பிடித்தால் அணைக்க ஒரு குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டித் தண்ணீரில் நனைத்துப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஏற்றி முடித்துக் கதவைத் திறந்தபோது, அதுவரை கூச்சலிட்டுக்கொண்டிருந்த குழந்தைகள் அத்தனை பேரும் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்களாம். ஒரு பொம்மையின் பாவாடை தீப்பற்றியது. நனைத்த பஞ்சு உடனே வேலை செய்தது. மார்ட்டினோ கூடவே நின்று உதவி, இதையெல்லாம் எழுதிவைத்தார். அதைப் படித்துத்தான் பலர் மரம் வைக்கப் பழகினார்கள். பென்சில்வேனியா ஜெர்மானியர்கள் அதற்கு முன்பே வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளுக்கு அதைக் கொண்டுபோனதில் இந்த வருணனைக்குப் பெரிய பங்கு உண்டு. ஊரே ஒதுக்கிய இரண்டு வீட்டார் சேர்ந்து ஏற்றிய விளக்கு அது என்பதைக் கிறிஸ்துமஸ் கட்டுரைகள் சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம்.

1836ல் சோதனை இன்னும் கூடியது. அடிமை ஒழிப்புப் பிரசுரங்களைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று தென்மாநிலங்கள் கேட்டன. மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழு மார்ச்சில் விசாரணை வைத்தது. சங்கத்தின் சார்பில் பேச எழுந்தவர்களில் ஃபோலனும் ஒருவர். ஆளுநரும் சட்டமன்றமும் எங்களைக் குற்றவாளிகள் போலக் கண்டித்தால் தெருக் கும்பல்களுக்கு அது உரிமம் கொடுத்த மாதிரி ஆகும் என்று வாதிட ஆரம்பித்தார். தலைவராக இருந்த ஜார்ஜ் லண்ட் இடைமறித்து, இது குழுவுக்கு மரியாதை இல்லை என்று நிறுத்தச் சொன்னார். பேச்சுரிமை பற்றிய விசாரணையிலேயே பேசவிடவில்லை. பிரஷ்யாவில் இதை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தவர் அவர். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டு பிழைப்பைப் பார்த்திருக்கலாம். அந்த வருஷம் சங்கத்தில் பேசியபோது இன்னொன்றும் சொன்னார். வெள்ளையர்களின் மனம் கோணாமல் இருக்கக் கறுப்பின மக்களைக் கூட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று வெளியிலிருந்து புத்திமதி வந்துகொண்டிருந்தது. அந்த புத்திமதியை ஏற்றுக்கொண்டால் நாம் எதை எதிர்க்கிறோமோ அதையே செய்பவர்கள் ஆவோம் என்பது அவர் வாதம். பெண்கள் பொதுக்காரியத்தில் இறங்குவதையும் அதே மேடையில் ஆதரித்தார்.

ஹாசன்ஹைடவின் ‘நீ’ இதுதான். கம்பிமேல் ஏறிய எல்லோரும் சமம் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை, கறுப்பு வெள்ளை, ஆண் பெண் என்று கடைசி வரைக்கும் கொண்டுபோனார். அவருடைய குருவே அவ்வளவு தூரம் வரவில்லை.

அடுத்து அவர் நியூயார்க்கில் ஒரு யூனிட்டேரியன் சபைக்குப் போதகராகப் போனார். அங்கேயும் அடிமை ஒழிப்பைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசினார். அங்கேயும் நிலைக்க முடியவில்லை. கடைசியில் மாசசூசெட்ஸின் கிழக்கு லெக்சிங்டன் என்ற சின்ன ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. விவசாயிகள், கைவினைஞர்கள் நிறைந்த சபை. புதுத் தேவாலயத்துக்கு அவரே வரைபடம் போட்டார்: எண்கோண வடிவம். 1839 ஜூலை 4 அன்று அஸ்திவாரம் தோண்டியபோது அவர் செய்த பிரார்த்தனை பதிவாகியிருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் பேச வருகிற யாருக்கும் இந்த ஆலயத்தின் கதவு ஒருநாளும் மூடப்படக் கூடாது, இதன் சுவர்களுக்குள் மனிதருக்குள் இருக்கும் அநியாயமான வேற்றுமைகள் எல்லாம் ஒழிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

1840 ஜனவரி நடுவில் திறப்பு விழா. ஃபோலன் நியூயார்க்கில் ஜெர்மன் இலக்கியம் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்திக்கொண்டிருந்தார். எலைசாவுக்கு உடம்பு சரியில்லை. விழாவுக்காக ஃபோலன் மட்டும் கிளம்பினார். ஜனவரி 13 மாலை, லெக்சிங்டன் என்ற நீராவிக் கப்பல். கனெக்டிகட்டின் ஸ்டோனிங்டன் துறைமுகத்துக்குப் போக வேண்டியது. தளத்தில் பருத்தி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். இரவில் புகைபோக்கிப் பக்கத்திலிருந்து தீ அந்த மூட்டைகளுக்குப் பரவியது. லாங் ஐலண்டுக்கு வடக்கே உள்ள அந்தக் கடல்பகுதி குளிரில் உறைகிற நிலையில் இருந்தது. படகுகளை இறக்கியதில் அவை கவிழ்ந்தன. சுமார் 140 பேர் பயணம் செய்த கப்பலில் பிழைத்தவர்கள் நான்கே பேர். ஃபோலன் அதில் இல்லை. அவருக்கு 43 வயது.

தீக்குக் காரணமானது பருத்தி என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

நண்பர்கள் பாஸ்டனில் நினைவுக் கூட்டம் நடத்த இடம் கேட்டார்கள். அவர் மிகவும் மதித்த சானிங்கின் சபையே, அடிமை எதிர்ப்புச் சங்கம் நடத்துகிற கூட்டத்துக்கு இடம் தர மறுத்தது. சானிங் ஒப்புக்கொண்டும் நிர்வாகிகள் ஒப்புக்கொள்ளவில்லை. சாமுவேல் மே என்ற போதகர் எழுதி வைத்திருந்த நினைவுரையோடு மூன்று மாதம் காத்திருந்தார். ஏப்ரலில்தான் மார்ல்பரோ சேப்பல் என்ற அரங்கில் அதை வாசிக்க முடிந்தது. கதவு மூடப்படக் கூடாது என்று பிரார்த்தித்தவருக்கு நகரம் செய்த மரியாதை இது. கிழக்கு லெக்சிங்டனின் எண்கோண ஆலயம் இன்றும் நிற்கிறது. ஃபோலன் ஆலயம் என்றே பெயர்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்ன ஆனது? 1848ல் ஜெர்மன் நாடுகளில் புரட்சி தோற்றதும் ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு சின்சினாட்டியில் முதல் டர்னர் (ஜெர்மனில், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்பவர்) சங்கம் தோன்றியது: யாஹ்ன் முறை உடற்பயிற்சி, நூலகம், விவாதக் கூட்டம் மூன்றும் சேர்ந்தது. ஊர் ஊராக அந்தச் சங்கங்கள் பரவின. 1855ல் பஃபலோவில் கூடிய டர்னர் மாநாடு அடிமை முறைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. உள்நாட்டுப் போர் வந்தபோது நியூயார்க்கின் டர்னர்கள் 20ஆம் படைப்பிரிவாகவே திரண்டு வடக்குப் பக்கம் நின்றார்கள். போருக்குப் பிறகு உடற்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியை ஆரம்பித்து, நகரப் பள்ளிகளுக்குள் உடற்கல்வியை நுழைத்ததும் அவர்கள்தான். பாஸ்டனில் தனித்தனியாக நின்ற கம்பியும் மேடையும் அங்கே ஒரே கட்டடத்துக்குள் வந்துவிட்டன. அவர்களில் பெரும்பாலோருக்கு ஃபோலனைத் தெரிந்திருக்காது.

எலைசா அடிமை ஒழிப்பு வேலையை 1860ல் சாகும்வரை விடவில்லை. கணவர் இறந்த கையோடு உட்கார்ந்து, அவருடைய பிரசங்கங்களையும் சொற்பொழிவுகளையும் ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தார். முதல் தொகுதி முழுக்க அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு. மனைவி எழுதியது என்பதால் கணவர்மேல் சாய்வு இருக்கும். யேனா நாட்களை அவர் மெதுவாகத்தான் தொடுகிறார். ஆனால் ஃபோலன் எழுதிய கடிதங்கள் அதில் நிறைய இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் பழைய பாணி, பழகப் பழகச் சரியாகிவிடும். உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், பாசலிலிருந்து தப்பிய பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள்.